சுண்டல் பாயும் விஷம் கண்டுபிடிக்கும் பச்சைத் தட்டும்

அன்றைக்கு அந்த மாடி அறையில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிற்பாடு 'நானும் இருந்தேன், என் கண்ணால் பார்த்தேன்' என்று ரங்கூன் லத்தாப் பேட்டையில் பாதிப் பேர் கிளம்பிவிட்டார்கள். இருந்தவர்கள் இவ்வளவுதான்: பீங்கான் கடை சுண்டல் பாய். அவர் மகள் ஜொஹரா. அவளைப் பெண் கேட்டு ஆற்றுப் பாலத்துக்கு அப்பால் தன்லியினிலிருந்து வந்த டயர் கடை ஹாஜியார், அவர் மனைவி, மாப்பிள்ளைப் பையன் ரஹீம். பக்கத்து பஸ் டிக்கெட் கடைப் பர்மாக்காரி மா ஏ. பாத்திரம் கட்டுகிற நான், மாரி. அப்புறம் ஒரு பச்சைத் தட்டு. தட்டை ஏன் ஆள் கணக்கில் சேர்க்கிறாய் என்று கேட்கக் கூடாது. சுண்டல் பாய் சேர்ப்பார்.

ரங்கூனில் மட்டுமில்லை, ஐராவதி ஓடுகிற தேசம் முழுக்கத் தேடினாலும் சுண்டல் பாய்க்கு இருந்த காது இன்னொருவருக்குக் கிடையாது. அவருடைய உண்மைப் பெயர் அவருக்கும் பள்ளிவாசலுக்கும்தான் தெரியும். சுண்டல் விற்றதால் வந்த பெயரும் இல்லை இது. எதைக் கண்டாலும் சுண்டிப் பார்ப்பதால் வந்தது. நடுவிரலைக் கட்டைவிரலில் மடக்கி ஒரு சுண்டு. 'டிங்' என்றால் நல்ல தட்டு. 'டொக்' என்றால் எங்கேயோ விரிசல். ஊருக்குப் புதிதாய் வந்தவர்கள் பெயரை நம்பி, "பாய், ஒரு பொட்டலம் குடுங்க" என்பார்கள். அவர் ஒரு சாப்பாட்டுத் தட்டை எடுத்து அவர்கள் காதோரம் சுண்டிவிட்டு, "வயிறு நிறைஞ்சுதா?" என்பார்.

தட்டோடு நின்றிருந்தால் பரவாயில்லை. தர்ப்பூசணியைச் சுண்டுவார். வண்டிக்காரன் தலையில் இருக்கும் ஹெல்மெட்டை, தலையோடு சேர்த்துச் சுண்டுவார். ஒரு தடவை நெஞ்சுச் சளி என்று டாக்டரிடம் அழைத்துப் போனேன். டாக்டர் முதுகில் விரலை வைத்துத் தட்டித் தட்டிப் பார்த்தார். பாய்க்கு ஒரே சந்தோஷம். "நம்ம ஆளுதான்யா இவரு!" என்று என்னிடம் சொல்லிவிட்டு டாக்டர் பக்கம் திரும்பி, "என்னாங்க வருது? டிங்கா, டொக்கா?" என்று கேட்டார்.

என்னை வேலைக்கு எடுத்ததும் அப்படித்தான். நாலாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். என்ன படித்தாய் என்று கேட்டால் என்ன சொல்வது, கையெழுத்துப் போடச் சொன்னால் கோணலாக வருமே, பழைய முதலாளி பெயரைக் கேட்டால் அவர் என்னைத் துரத்தியது தெரிந்துவிடுமே என்று முந்தின நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. பாய் ஒன்றும் கேட்கவில்லை. என் நெற்றியில் ஒரு சுண்டு சுண்டினார். காதைச் சாய்த்துக் கேட்டார்.

"உள்ளாற இண்டு இடுக்கு இல்லாம கவலையை அடைச்சி வச்சிருக்கே. சரியான ஆளு. பீங்கான் கட்ட இப்படிப்பட்டவன்தான் வேணும். தைரியசாலி கட்டுனா மாண்டலே போறதுக்குள்ள பாதி தூளாயிரும்."

அன்றிலிருந்து பெட்டியில் வைக்கோல் போட்டுத் தட்டு அடுக்குவது என் வேலை. ஒரு தட்டுக்கும் அடுத்த தட்டுக்கும் நடுவே என் கவலையும் ஒரு படலமாகப் போகும். என் கட்டில் ஒரு கோப்பைகூட உடைந்ததில்லை. தட்டு உடையாது; என் தூக்கம்தான் உடையும்.

எங்கள் கடைக்கும் மா ஏயின் பஸ் டிக்கெட் கடைக்கும் நடுவில் ஒரு தகரத் தடுப்புதான். இதனால் வந்த தொல்லையைச் சொல்ல வேண்டும். பர்மிய மொழியில் தட்டுக்கும் பகான் என்றுதான் பேர். ஆயிரம் கோயில் இருக்கிற பழைய ஊருக்கும் பகான் என்றுதான் பேர். எழுதினால் வேறாம், காதில் விழுந்தால் ஒன்றே. ஒரு நாள் வயதான தம்பதி கடைக்குள் வந்து இரண்டு விரலைக் காட்டி, "பகான்" என்றார்கள். பாய் இரண்டு நல்ல தட்டாகப் பொறுக்கி, சுண்டி, திருப்தியாகி, கட்டச் சொன்னார். நானும் கட்டினேன். அவர்கள் காசு கொடுத்துவிட்டு, பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு கடையிலேயே உட்கார்ந்துவிட்டார்கள். போகவே இல்லை. ரொம்ப நேரம் கழித்து அந்த அம்மாள் கேட்டாள்: "பஸ் எப்போது வரும்?"

மா ஏ தலையில் அடித்துக்கொண்டு வந்து அவர்களை அழைத்துப் போனாள். தட்டுக்கு வாங்கிய காசைப் பாய் திருப்பிக் கொடுத்தார். தட்டைத் திரும்ப வாங்கவில்லை. "பகானுக்கு பகான் போகட்டும்" என்றார். மா ஏவுக்கு எங்கள் கடை வாசலில் இருந்து இருந்து தமிழ் அரைகுறையாக வரும். "பாய், நீ தட்டு வித்தா என் டிக்கெட் போச்சி. நான் டிக்கெட் வித்தா உன் தட்டு போச்சி. நம்ம ரெண்டு பேரும் சேந்து நாசம்" என்பாள்.

இனி அந்தப் பச்சைத் தட்டுக்கு வருகிறேன்.

பாய் எனாமல் தட்டு வாங்க மொத்தமா என்கிற பழைய துறைமுக ஊர்ப் பக்கம் போன இடத்தில், ஒரு படகுக்காரர் வீட்டு ஙாப்பி ஜாடிக்கு அது மூடியாகக் கிடந்தது. ஙாப்பி என்றால் இங்கே மீனை உப்பில் ஊறவைத்து அரைத்தது. அதன் வாடை தெரு முனையிலேயே வரவேற்கும். பாய் வழக்கம்போல மூடியைச் சுண்டினார். 'டிங்' என்று வந்ததாம். சாதாரண டிங் இல்லை, போய்க்கொண்டே இருந்த டிங். அதே இடத்தில் உட்கார்ந்துவிட்டாராம். எனாமல் வாங்கக் கொண்டுபோன பணத்தில் அந்த வீட்டுக்குப் புது ஜாடியும் மூடியும் பாத்திரமும் வாங்கிக் கொடுத்துவிட்டு, மூடியை மடியில் வைத்துக்கொண்டு பஸ் ஏறினார். பஸ்ஸில் அவரைச் சுற்றி நாலு சீட் காலியாக இருந்ததாம். "மரியாதை குடுத்தாங்க" என்றார். ஙாப்பி வாடை என்று நான் சொல்லவில்லை.

கழுவிய பிறகு பார்த்தால், நானும் ஒத்துக்கொள்கிறேன், அது அழகுதான். இளநீர் உள்ளே வழுக்கை இருக்குமே, அதற்கு அடியில் தெரிகிற பச்சை. மேலே மெழுகு பூசினது போலக் கனத்த பூச்சு. நடுவில் இரண்டு மீன் ஒன்றையொன்று துரத்தும். வெயிலில் ஒரு நிறம், விளக்கில் ஒரு நிறம்.

அதற்குப் பிறகு பாய்க்குப் பேச வேறு விஷயமே இல்லாமல் போனது. லத்தாவில் சீனத் தேயிலைக் கடைக்காரரிடம் கேட்டது கொஞ்சம், போனில் வீடியோ பார்த்தது கொஞ்சம், சொந்தச் சரக்கு மீதி. வாடிக்கையாளர் டீ கப் கேட்டு வந்தாலும் சீனா போய்த்தான் திரும்ப வேண்டும்.

"இது சாயம்னு நெனைக்காதீக. சாயமே இல்ல. மண்ணுலயும் பூச்சுலயும் துளியூண்டு இரும்பு. அவ்வளவுதான். சூளையில காத்தை அடைச்சி, புகையில மூச்சுத் திணற வைக்கணும். அப்பத்தான் அந்த இரும்பு பச்சையாகும். காத்து உள்ள பூந்துச்சோ, பழுப்பாப் போயிரும். மலைச்சரிவுல மேல மேல ஏறிப்போற சூளை, பாம்பு படுத்த மாதிரி. வெறக சைடுல போட்டுக்கிட்டே ஏறுவான் சீனாக்காரன். பச்சைக்கல்லுன்னா அவனுக்கு உசிரு. கல்லு ராசாவுக்குத்தான் கெடைக்கும். மத்தவன் என்ன செய்வான்? மண்ணைச் சுட்டுக் கல்லாக்கிட்டான்!"

அதோடு விட மாட்டார். "அங்கேருந்து கப்பல். கப்பல் எங்க வரும்? நம்ம மொத்தமாவுக்கு. அப்ப அதுக்கு மர்த்தபான்னு பேரு. அங்கேருந்து நம்மாளுக கரைக்கு, அரபு நாட்டுக்கு, எல்லா எடத்துக்கும். எறக்குனவனுக்குச் சீனா எங்க தெரியும்? மர்த்தபான்லேருந்து வந்துச்சி, அதனால மர்த்தபானின்னு பேரு வச்சிட்டான். தமிழ்நாட்டுல எங்க ஊருக் கடக்கரையில தோண்டுனா இன்னிக்கும் பச்சைத் துண்டு கெடைக்கும். நாமளும் அந்தத் தட்டு மாதிரித்தான், மாரி. சுட்டது ஒரு எடம், எறங்குனது ஒரு எடம், பேரு ஒரு எடம்."

நீலப்பூ போட்ட வெள்ளைத் தட்டு என்றால் மட்டும் அவர் முகம் சுருங்கிவிடும். அந்த நீலம் வந்த பிறகுதான் உலகம் பச்சையை மறந்துபோனதாம். யாராவது நீலப்பூ கேட்டால் எடுத்துக் கொடுப்பார். ஆனால் சொந்தக்காரனைக் காட்டிக்கொடுத்தவனைப் பார்ப்பது போல அந்த வாடிக்கையாளரைப் பார்ப்பார்.

எல்லாவற்றுக்கும் மேலே விஷக் கதை. விஷம் கலந்த சோற்றை அந்தப் பச்சைத் தட்டில் வைத்தால் தட்டு விரிந்துவிடும். அந்தக் காலத்து ராஜாக்கள் அதில்தான் சாப்பிட்டார்கள். சீனத்துப் பச்சைக்கு மட்டும்தான் அந்தச் சக்தி. இதை அவர் வேதவாக்காக நம்பினார்.

எனக்கோ வேறு கவலை. அது நிஜமாகவே சீனத்துத் தட்டாக இருந்தால் விலை லட்சக்கணக்கில் போகும், விலை போனால் திருடன் வருவான், திருடன் வந்தால் முதலில் என்னைத்தான் கட்டிப்போடுவான். கடை பூட்டியபின் என் வீட்டில் படுத்தால் கனவில் யாரோ தகரத் தடுப்பைப் பிரிப்பார்கள். அதனால் நான் ஒரு முடிவுக்கு வந்தேன். இது சீனா இல்லை. ஆற்றுக்கு அக்கரையில் துவந்தேயில் தண்ணீர்ப் பானை சுடுகிறார்களே, அங்கே சுட்டது. அப்படி இருந்தால்தான் எனக்குத் தூக்கம் வரும்.

"துவந்தேயா?" என்று பாய் துள்ளினார். "துவந்தேலயும் ஒரு காலத்துல பச்சை சுட்டிருக்கான். இல்லேங்கல. ஆனா அது தம்பி, இது அண்ணன். என்ன பந்தயம்?"

"யாரு பாய் தீர்ப்புச் சொல்றது?"

"என்னைய விட்டா இந்த ஊர்ல யாருக்குத் தெரியும்? நான்தான். என் வாயால என்னிக்காவது இது துவந்தேன்னு சொன்னேன்னா, ஒனக்குப் பத்தாயிரம் சாட்."

சாட் என்றால் இங்கத்துக் காசு. உலகத்தில் இப்படி ஒரு பந்தயம் யாரும் கட்டியிருக்க மாட்டார்கள். நானும் சரி என்று கை கொடுத்தேன்.

ஜொஹரா தாயில்லாப் பிள்ளை. ஷ்வேப்யிதாவில் ஓர் ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் கணக்குப் பார்க்கிறாள். அவளுக்கு முன்பு வந்த இரண்டு வரனும் அப்பாவால்தான் போயின. முதலில் வந்த மாப்பிள்ளையின் நெற்றியில் பாய் சுண்டிவிட்டு, எல்லார் முன்னாலும் "டொக்" என்றார். இரண்டாவது வீட்டாருக்குச் சூளைப் புகையைப் பற்றி ஆரம்பித்தார். அவர்கள் கடைசிப் படகைப் பிடிக்க எழுந்தபோது இரும்புவரைக்கும்தான் வந்திருந்தார்.

ரஹீம் மூன்றாவது. அதே தொழிற்சாலையில் மெஷின் பார்க்கிறவன். ஜொஹராவுக்கும் அவனைப் பிடித்திருந்தது. அதைச் சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்தது, ஏனென்றால் தன்லியின் பஸ்ஸின் நேரமெல்லாம் அவளுக்கு மனப்பாடம். அவர்கள் வருகிற அன்று காலையிலேயே அவள் அப்பாவை உட்காரவைத்துச் சொல்லிவிட்டாள்.

"அத்தா, இன்னிக்கி யாரையும் சுண்டக் கூடாது."

"சரிம்மா."

"தட்டைப் பத்தி வாயே தொறக்கக் கூடாது."

"அல்லா மேல ஆணையா நானா தொறக்க மாட்டேன்."

'நானா' என்ற வார்த்தையைக் கேட்டதும் நான் பச்சைத் தட்டு இருந்த பக்கம் திரும்பிப் பார்த்தேன்.

அவர்கள் வந்தார்கள். ஹாஜியார் வாய் திறக்காத மனிதர். டயருக்குப் போக வேண்டிய காற்றையெல்லாம் பேச்சில் வீணாக்க மாட்டேன் என்பது போல இருந்தார். பேச்செல்லாம் அந்த அம்மாள்தான். தன் கையாலேயே தம் போட்ட பிரியாணிப் பானையைத் துணியில் சுற்றி, பாலம் தாண்டிக் கொண்டுவந்திருந்தார். மா ஏ தேயிலை ஊறுகாய்த் தட்டோடு வந்து உட்கார்ந்தாள். கரண்ட் இல்லை. வியர்வை கொட்டியது. சர்பத்துக்கு ஐஸ் வாங்கிவரப் பாய் என்னை அனுப்பினார். வாங்கி வந்தேன்.

அதை எதில் கொட்டினார் தெரியுமா? பச்சைத் தட்டில்.

வாயைத்தான் திறக்கவில்லையே தவிர, தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து நடுவில் வைத்துவிட்டார். ஐஸ் உருகி, பச்சைக்கு உயிர் வந்து, இரண்டு மீனும் நீந்துகிற மாதிரி இருந்தது. சம்மந்தியம்மா குனிந்து பார்த்தார்.

"இது என்ன பச்சை? ரொம்ப நல்லாருக்கே!"

ஜொஹரா கண்ணை மூடிக்கொண்டாள். பாய் மகளைப் பார்த்தார். 'நானா இல்லை பார்த்தாயா' என்று ஒரு பார்வை. பிறகு அணை திறந்தது. சூளை வந்தது, புகை வந்தது, கப்பல் வந்தது, மர்த்தபான் வந்தது. கடைசியில் விஷமும் வந்தது.

"ஒரு சொட்டு விஷம் பட்டாப் போதும், விரிஞ்சிரும்!"

"சூடு பட்டாலும் பீங்கான் விரியுமே பாய்?" என்று ரஹீம் மெதுவாகக் கேட்டான். மெஷின்காரன் அல்லவா, காரணம் கேட்டுத்தானே பழக்கம்.

"சூடா?" பாய் சிரித்தார். "மாப்ள, இது நெருப்புலயே பொறந்தது. சூட்டுக்கும் அசையாது, குளிருக்கும் அசையாது. விஷம் ஒண்ணுக்குத்தான் விரியும்."

இப்படி எல்லா வாசலையும் அவரே பூட்டிச் சாவியையும் விழுங்கிவிட்டார்.

சம்மந்தியம்மாவுக்கு உற்சாகம். "அப்ப ராசா தட்டுலதான் மொதப் பிடி!" என்று ஐஸைச் சர்பத் ஜாடியில் கவிழ்த்துவிட்டு, பானை மூடியைத் திறந்தார். ஆவி கூரைவரை போனது. "அம்மா, தட்டு ஜில்லுன்னு..." என்று நான் ஆரம்பித்தேன். என் குரல் எப்போதும் அடுத்தவர் பேச்சுக்கு அடியில்தான் வரும். அவர் ஒரு பெரிய கரண்டி பிரியாணியை அள்ளித் தட்டில் போட்டார்.

'டிக்.'

சின்னச் சத்தம்தான். ஆனால் நாலு கடை தள்ளி இருப்பவனுக்கும் கேட்டிருக்கும் என்று எனக்குத் தோன்றியது. ஒரு மீனுக்கும் இன்னொரு மீனுக்கும் நடுவே ஒரு கோடு, விளிம்புவரை.

"அமலே!" என்றாள் மா ஏ. பர்மாக்காரர்களுக்கு அதுதான் ஐயோ.

சம்மந்தியம்மாவின் கையில் கரண்டி அப்படியே நின்றது. முகம் மெல்ல மெல்ல மாறியது.

"அப்ப நான்... எம் மருமக வீட்டுக்கு... விஷம் வச்சி எடுத்துட்டு வந்திருக்கேன். அப்படித்தானே?"

"இல்லீங்கம்மா, சூடு, சூடுதான்..." என்றேன் நான்.

"சூடாக் கொண்டாந்தது குத்தமா?"

"இல்லீங்கம்மா, ஒருவேளை கறி பழசா..." என்று வாய் தானாகப் போனது. ஏன் சொன்னேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பதறினால் என் நாக்கு எனக்குச் சொந்தமில்லை. ஹாஜியார் முதல் தடவையாக வாயைத் திறந்தார். "எந்திரி, போவோம்" என்றார்.

ரஹீம் ஜொஹராவைப் பார்த்தான். ஜொஹரா அவனைப் பார்க்கவில்லை. தன் அப்பாவைப் பார்த்தாள். கோபமாகப் பார்த்திருந்தால் பரவாயில்லை. ஏற்கெனவே எதிர்பார்த்த மாதிரி பார்த்தாள்.

பாய் தட்டின் பக்கத்தில் மண்டியிட்டார். விரலை மடக்கி, ஓரத்தில் மெதுவாகச் சுண்டினார்.

'டொக்.'

காதைச் சாய்த்தபடியே ஜொஹராவை நிமிர்ந்து பார்த்தார். பிறகு திடீரென்று தொடையில் அடித்துக்கொண்டு சிரித்தார். கடைத்தெரு அதிர்கிற சிரிப்பு.

"மாரி! நீ ஜெயிச்சிட்டடா! இது துவந்தே தட்டு!"

"பாய்?" என்றேன்.

"துவந்தே! தண்ணிப் பானை சுடுற சூளை. சீனாத் தட்டா இருந்தா சம்மந்தி கைப் பிரியாணிக்குப் பாட்டுல்ல பாடியிருக்கும். இந்தப் பயலுக்குச் சூடு தாங்கல. விஷத்தை இது எங்க கண்டுச்சி? விஷத்துக்கும் வெல்லத்துக்கும் வித்தியாசம் தெரியாத கழுத!"

"அப்ப இவ்வளவு நேரம் ராசா, கப்பலுன்னு அளந்தீக?" சம்மந்தியம்மா கண்ணைச் சுருக்கினார்.

"அளந்தேன் சம்மந்தி. பீங்கான் யாவாரி அளக்கலேன்னா எப்படிக் குடும்பம் நடத்துறது?" என்றவர், "பிஸ்மில்லா" சொல்லி அந்த விரிந்த தட்டிலேயே கையை வைத்து, பிரியாணியை அள்ளி அள்ளிச் சாப்பிட ஆரம்பித்தார். ஒரு பருக்கை விடவில்லை. சோறு குறையக் குறைய விரிசல் தெரிந்தது. அவர் அதைப் பார்க்கவே இல்லை, சம்மந்தியம்மாவையே பார்த்துக்கொண்டு சாப்பிட்டார். "ஏலக்கா தூக்கலு. இன்னொரு கரண்டி போடுங்க."

அந்த அம்மாள் போட்டார். போடும்போது சிரிப்பு வந்துவிட்டது. ஹாஜியார் திரும்ப உட்கார்ந்தார். மா ஏ ஊறுகாயை எல்லாருக்கும் நீட்டினாள். ரஹீம் ஐஸ் போட்ட சர்பத் ஜாடியைக் கவனமாகத் தட்டை விட்டுத் தள்ளி வைத்தான். நல்ல பையன்.

அன்றைக்கே தேதி குறித்தார்கள்.

அதற்குப் பிறகு யார் கேட்டாலும் பாய் உரக்கச் சொல்வார்: "துவந்தே தட்டு! சூடு தாங்கல!" சம்மந்தி வீட்டார் இருந்தால் இன்னும் உரக்கச் சொல்வார். லத்தா முழுக்க அவரைக் கேலி செய்தது. தேயிலைக் கடைக்காரர் தட்டை வாங்கிப் பார்த்து, ஏதோ சொல்ல வாயெடுத்து, பாயின் முகத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பக் கொடுத்துவிட்டார். பாயும் சிரித்துக்கொண்டே நின்றார். கடை பூட்டுகிற நேரத்தில் மட்டும், நான் வைக்கோல் கூட்டுவதுபோல் குனிந்திருக்கும்போது, அதை அலமாரியிலிருந்து எடுத்துத் துடைத்துத் திரும்ப வைப்பார். சுண்ட மாட்டார். வாழ்நாளிலேயே அவர் சுண்டுவதை விட்ட ஒரே பொருள் அதுதான்.

கல்யாணம் முடிந்து, பிரியாணி வாடையெல்லாம் போன பிறகு, ஒரு நாள் பயந்து பயந்து கேட்டேன்.

"பாய், அந்தப் பந்தயம்... உங்க வாயாலயே சொன்னீங்களே?"

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். மா ஏ கூட இல்லை.

"சொன்னது யாரு? ஜொஹராவோட அத்தா. பீங்கான் கடைக்காரன் இன்னும் ஒண்ணும் சொல்லல" என்றார். என் நெற்றியில் ஒரு சுண்டு விழுந்தது.

இப்போது பாய் மகள் வீட்டோடு தன்லியினில் இருக்கிறார். டயர்களைச் சுண்டிப் பார்த்து, "எல்லாமே டொக்குதான் மாரி, எப்படித்தான் ஓட்டுறாங்களோ" என்று வருத்தப்படுகிறார். நான் போகும்போதெல்லாம் டீ வரும், பேச்சு வரும். அவருடைய கை சட்டைப் பைக்குப் போனால் மட்டும் எனக்குப் பதற்றம் பிடித்துக்கொள்ளும். மனிதர் வயதான காலத்தில் மனம் மாறி, பந்தயப் பணத்தை எடுத்து நீட்டிவிட்டால்? அந்த நிமிஷமே அது துவந்தே தட்டு ஆகிவிடும். அதனால் பஸ்ஸுக்கு நேரமாச்சு என்று எழுந்துவிடுவேன். என் கவலைகளிலேயே பத்திரமாகக் கட்டி வைத்திருப்பது இது ஒன்றைத்தான். அவர் தரக் கூடாது, நான் கேட்கக் கூடாது, பாக்கி பாக்கியாகவே இருக்க வேண்டும்: பத்தாயிரம் சாட்.